ஜிஞ்சர் என்று கூப்பிடலாமா? – கிளாஸ்கோ தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வந்து ஆறு வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு முன்பணம், எந்த வங்கி, குளிருக்கு என்ன உடுப்பு என்று ஒன்பது கேள்வி. பத்தாவதாகப் போகிற போக்கில் ஒன்று: ஆபீசில் செம்பட்டை முடிக்காரர் ஒருவரை எல்லாரும் ‘ஜிஞ்சர்’ என்கிறார்கள், நானும் அப்படிக் கூப்பிடலாமா, இஞ்சிக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்? முதல் ஒன்பதுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வங்கி எதுவானாலும் ஒன்றுதான். உள்ளே போடுகிற தெர்மல் மட்டும் காசு பார்க்காமல் வாங்குங்கள். பத்தாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லிடம் நான் இரண்டு தடவை அடி வாங்கியவன்.

கூப்பிடாதீர்கள். அவரே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டாலும் நீங்கள் சொல்லாதீர்கள். பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைச் சொல்லுங்கள்.

2006இல் எனக்கு முதல் நல்ல வேலை கிடைத்தது. பக்கத்து மேசைப் பையனுக்கு ஜன்னல் வெளிச்சம் பட்டால் செப்புக் கம்பி மாதிரி மின்னுகிற முடி. ஆபீசில் நாலு பேர் அவனை ஜிஞ்சர் என்பார்கள், அவனும் சிரிப்பான். மூன்றாம் மாதம், வெளியாட்கள் வந்திருந்த ஒரு கூட்டத்தில், ‘அதை நம்ம ஜிஞ்சர் பார்த்துக்கொள்வார்’ என்றேன். நானும் இவர்களில் ஒருவன் ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாதிரி முடி உள்ளவர்களுக்குத் தோல் நல்ல வெளுப்பு, எதையும் மறைக்க முடியாது. காது மடலில் தொடங்கிய சிவப்பு மெல்லச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. நான் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவனே வந்தான். கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பல வருஷம் தன் பெயரையே யாரும் சொன்னதில்லை, அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தள்ளிவிடுவார்கள், உதைப்பார்கள் என்றான். அந்த நாலு பேர் சின்ன வயதிலிருந்து கூட இருந்தவர்கள், அவர்கள் சொன்னால் வலிக்காது. ‘நீ சொன்னபோது வலித்தது’ என்றான். அவ்வளவுதான். மறுநாள் எப்போதும் போல டீ போட்டுக் கொடுத்தான்.

நமக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆகும். சொட்டை, குண்டன், கருவாயன் என்று நண்பர்களைக் கூப்பிட்டே வளர்ந்த வாய் நம்முடையது. அதில் அன்பும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். எது எப்போது என்பது நமக்குத் தமிழில் தெரியும். ஆங்கிலத்தில் அந்த அளவுகோல் கையில் வர எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

சரி, இஞ்சிக்கு வருவோம். நீங்கள் தமிழர், இதைக் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். ஜிஞ்சர் என்ற சொல்லின் வேரே நம்ம ‘இஞ்சிவேர்’தான். அது பாலி மொழியில் ‘சிங்கிவேர’ என்று இருக்கிறது. வடமொழியில் ‘சிருங்கவேர’ ஆகி, மான்கொம்பு போன்ற வடிவம் என்று அதற்கு ஒரு பொருளும் பின்னால் ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தில் ‘ஜிங்கிபெரிஸ்’. அங்கிருந்து லத்தீன், அப்புறம் பழைய ஆங்கிலம், தேய்ந்து தேய்ந்து ஜிஞ்சர். உலக மொழிகள் எல்லாம் தமிழிலிருந்து வந்தவை என்று தினமும் வாட்ஸப்பில் அனுப்புகிற அண்ணன்மார் இங்கேயும் உண்டு, அவர்களைக் கண்டால் நான் ஓடுவேன். ஆனால் இந்த ஒன்று, ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மாதிரி நிஜமான சரக்கு. வெள்ளைக்கார அகராதிக்காரர்களே ஒப்புக்கொண்டது.

இஞ்சியை நறுக்கிப் பார்த்தால் மஞ்சள்தானே, சிவப்பு எங்கே இருக்கிறது என்பீர்கள். நானும் கேட்டேன். பதில் சேவல் சண்டையில் இருக்கிறது. சண்டைக்கு விடுகிற செந்நிறச் சேவலை அந்தக் காலத்தில் இங்கே ‘ஜிஞ்சர்’ என்றார்கள். 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் தெருப்பேச்சுக்கு ஒரு அகராதி போட்டார். கழுத்து இறகு ஜிஞ்சர் நிறமாக இருப்பது என்ற சேவல்காரர்களின் சொல் செம்முடி மனிதர்களுக்கும் வந்துவிட்டதை அதில் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1835இல் சட்டம் போட்டுச் சேவல் சண்டையை நிறுத்தினார்கள். சேவல் போயிற்று, சொல் மனிதன் தலையில் உட்கார்ந்துவிட்டது. நம்மூரில் மாட்டுக்குச் ‘செவலை’ என்போம், மனிதன் முடிக்குச் ‘செம்பட்டை’ என்போம். ஒருவரை ‘டேய் செவலை’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அந்த உறுத்தல் இதிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கே புழக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஜிஞ்சர் ஹேர்’ என்றால் நிறத்தைச் சொல்கிறார்கள், பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ‘எ ஜிஞ்சர்’ என்றால் ஆளையே அந்த முடிக்குள் அடைத்துவிடுகிறார்கள், அதுதான் குத்தும். உங்களுக்கு எப்போதாவது அடையாளம் சொல்லியே தீரவேண்டும் என்றால் ‘ரெட் ஹேர்’ என்று சொல்லுங்கள், ஆபத்தில்லை. சிலர் நாசூக்காக ‘ஆபர்ன்’ என்பார்கள். அந்தச் சொல்லே ஒரு கூத்து. லத்தீனில் வெளிறிய நிறத்தைக் குறித்தது, ‘பிரவுன்’ என்ற ஒலியோடு குழம்பிக் குழம்பிச் செம்பழுப்பு ஆகிவிட்டது. பிளாண்ட் (பொன்னிற முடி), புரூனெட் (பழுப்பு முடி) பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரூனெட் பெண்களுக்கு மட்டும், பிளாண்ட் என்று எழுதும்போது பெண்ணுக்குக் கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்ப்பார்கள். அது போதும். நம் முடியை ‘டார்க்’ என்பார்கள். பூனையை மட்டும் தைரியமாக ஜிஞ்சர் என்று கூப்பிடலாம், அதற்கு மனத்தாங்கல் கிடையாது. லண்டன் பக்கம் போனால் இன்னும் கவனம். ‘ஜிஞ்சர் பியர்’ என்பது அங்கே தன்பாலீர்ப்பு உள்ளவர்களை இழிவாகச் சொல்கிற பழைய கொச்சை. அதைச் சுருக்கி ஜிஞ்சர் என்பதும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. அப்பா அம்மா இருவருக்கும் கறுப்போ பழுப்போ முடி இருந்து, குழந்தைக்குச் செம்முடி வந்தால் அதை வைத்துச் சிரிக்காதீர்கள். எம்சி1ஆர் என்று ஒரு மரபணு, அதற்கும் செம்முடிக்கும் உள்ள சங்கதியை பிரிட்டன் ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். அதன் மாறிய வடிவம் பெரும்பாலும் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் முடி சிவக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது பாட்டுக்கு மறைந்து கிடக்கும். ஸ்காட்லாந்தில் இப்படி மறைவாகச் சுமப்பவர்கள் ஏராளம். ‘பக்கத்து வீட்டுக்காரர் முடி என்ன நிறம்’ என்று நம் ஆள் ஒருவர் விருந்தில் கேட்டு, விருந்து அத்தோடு முடிந்தது.

அவரைப் போன்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். வந்து இரண்டே வருஷத்தில் உள்ளூர்க்காரனைவிட அதிகமாக ஜிஞ்சர் ஜோக் அடிப்பார்கள். தான் இந்த ஊர் ஆகிவிட்டதாகக் காட்ட, இந்த ஊரிலேயே கேலிக்கு ஆளானவன் தோளில் ஏறி நிற்பது. நம் நிறத்தை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் மனிதவளத் துறைக்கு மூன்று பக்கம் எழுதுவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து ‘அந்தச் செம்பட்டையைப் பார்’ என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். சொல் புரியாவிட்டாலும் நீட்டிய விரல் எல்லாருக்கும் புரியும் தம்பி.

இரண்டு அடி என்றேன். காலக்கணக்கில் முதல் அடி இதுதான், 2004 ஜனவரி. வந்து மூன்று வாரம், நாலு மணிக்கே இருட்டு. படிப்புக்கு நடுவில் ஒரு மூலைக் கடையில் கல்லாவில் நின்றேன். சட்டப்படி மணிக்கு நாலரை பவுண்டு, முதலாளி கொடுத்தது மூன்று. நம் நாட்டுக்காரர்தான், ‘நீ என் தம்பி மாதிரி’ என்று சொல்லியே கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை தொப்பி போட்ட கிழவர் ஒருவர் வந்து, காலிக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கல்லாவில் வைத்து ஏதோ சொன்னார். மூன்று தடவை கேட்டபிறகு ‘பாட்டில்’, ‘ஜிஞ்சர்’ என்ற இரண்டு சொல் மட்டும் பிடிபட்டது. ஓடிப்போய் அலமாரியிலிருந்து இஞ்சி விழுது பாட்டிலை எடுத்து வந்து வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். கிளாஸ்கோவில் கேஸ் அடைத்த குளிர்பானம் எல்லாமே ஜிஞ்சர்தான், அதில் இஞ்சி இருக்க வேண்டும் என்றில்லை. அவர் கேட்டது ஐயர்ன் புரு, ஆரஞ்சு நிறத்தில் இருக்குமே, அது. காலி பாட்டிலைக் கொண்டுவந்தது, அதற்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்க. அது கூடத் தெரியாமல் நான் கல்லாவில் நின்றிருக்கிறேன். சிரித்துச் சிரித்து அவர் தொப்பியைக் கழற்றியபோது பார்த்தேன், தலை முழு வெள்ளை, புருவத்தில் மட்டும் துரு மாதிரி கொஞ்சம் சிவப்பு மிச்சம்.

ஐயர்ன் புருவோடு இஞ்சி விழுதுக்கும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமை காலி பாட்டிலோடு வந்து, ‘அந்த இன்னொரு ஜிஞ்சரை என்ன செய்வது?’ என்று கேட்டார். டீயில் போடச் சொன்னேன்.