சிஎஸ்இக்காக ஒரு வருஷம் டிராப் போட வேண்டாம், பையன யூசீட்ங்கிற டிசைன் பரீட்சை எழுத வைங்க

போன வாரம் ஒரு அப்பா அம்மா, மேல என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட கேக்க பையனோட வந்திருந்தாங்க. பையன் பிளஸ் டூ போகப் போறான், மேத்ஸ் குரூப். ஐஐடி மெட்ராஸ்ல நடக்கற சாரங் கலை விழாவப் பாத்துட்டு வந்ததுல இருந்து படிச்சா ஐஐடி தான்னு நிக்கறான், ஆனா மார்க் சுமார் தான். பிளஸ் டூ முடிஞ்சதும் ஒரு வருஷம் டிராப் போட்டு ஹாஸ்டலோட இருக்கற கோச்சிங்ல சேத்துடுங்க, சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலன்னா ஐஐடி போயே பிரயோஜனம் இல்லன்னு பெரியப்பா சொல்றாராம். அம்மாவுக்கு வேற பயம், அங்க போயி டிராமா பாட்டுன்னு கெட்டுப் போயிடுவானோன்னு.

அம்மாவோட பயத்துக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லிடறேன். சாரங் 1974ல மார்டி கிராங்கிற பேர்ல ஆரம்பிச்சது, இத்தன வருஷமா அத நடத்தறது மாணவர்கள் தான். ஸ்பான்சர் பிடிக்கறது, கணக்கு பாக்கறது, கூட்டத்த சமாளிக்கறதுன்னு எல்லாமே பசங்க கையில. கெட்டுப் போற இடம் இல்லம்மா அது.

ஆனா அந்த டிராப் யோசனைக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். நகைய வச்சு கோச்சிங்குக்குப் பணம் கட்டி, ஒரு வருஷம் பையன ரூம்ல அடைச்சு, அவன் கேக்கவே இல்லாத ஒரு பிராஞ்சுக்காக ஓட விடறது தப்பு. பெரியப்பா நல்லதுக்குத் தான் சொல்றார், ஆனா அந்தக் கடன அடைக்கப் போறது அவர் இல்ல, நாலு வருஷம் கோடிங் எழுதப் போறதும் அவர் இல்ல.

பையன்கிட்ட சாரங்ல என்னடா பிடிச்சதுன்னு கேட்டேன். பாட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசல, மேடைக்குப் பின்னாடி அந்த செட்ட எப்படி நிக்க வச்சிருந்தாங்கன்னு தான் பத்து நிமிஷம் சொன்னான். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அட்டையில கோபுரம் செஞ்சது இவன் தானாம், அத அம்மா போற போக்குல சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அது போதும்.

ஐஐடியிலயே பி.டெஸ்னு ஒரு டிகிரி இருக்கு, டிசைன் படிப்பு. அதுக்கு இன்ஜினியரிங்குக்கு எழுதற ஜேஇஇ ரேங்க் தேவையே இல்ல, யூசீட்னு தனிப் பரீட்சை, ஜனவரியில ஐஐடி பாம்பே நடத்துது. பாம்பே, டெல்லி, குவஹாத்தி, ஹைதராபாத்னு சில இடங்கள்ல சேரலாம். எந்த குரூப் படிச்சவங்களும் எழுதலாம், அடுத்தடுத்து ரெண்டு வருஷம் ரெண்டு தடவ எழுதலாம். மொத்தம் 3 மணி நேரம், 300 மார்க். முதல் பகுதி கம்ப்யூட்டர்ல 200 மார்க்குக்கு, ஒரு பொருளத் திருப்பினா எப்படித் தெரியும், இந்த மெஷின் எப்படி ஓடுது, சுத்தி இருக்கறத எவ்வளவு கவனிச்சிருக்கன்னு கேப்பாங்க. ரெண்டாவது பகுதி 100 மார்க், கையால வரையணும். முதல் பகுதியில கட் ஆஃப் தாண்டினா தான் வரைஞ்சதையே திருத்துவாங்க, அதனால நல்லா வரைவேன்னு மட்டும் நம்பிப் போகக் கூடாது.

ஐஐடி பாம்பேல இந்த டிசைன் ஸ்கூல் 1969லயே வந்தது, ஐடிசின்னு சொல்வாங்க, பி.டெஸ் மட்டும் 2015ல தான் ஆரம்பிச்சாங்க. மரம், உலோகம், எழுத்துரு, அனிமேஷன், வண்டி டிசைன், ஆப்ல ஸ்கிரீன் எப்படி இருக்கணும்கிறது வரைக்கும் அங்க வேல நடக்குது. நம்ம ரூபாய் சின்னம் இருக்கே, 2010ல அரசாங்கம் ஏத்துக்கிட்டது, அத வரைஞ்ச உதயகுமார் நம்ம ஊர்க்காரர், அண்ணா யுனிவர்சிட்டியில ஆர்க்கிடெக்சர் முடிச்சிட்டு இதே ஐடிசியில தான் மாஸ்டர்ஸும் பிஎச்டியும் பண்ணார், அப்புறம் ஐஐடி குவஹாத்தியில டிசைன் வாத்தியார் ஆனார். பையன் ஏங்கற மேடையும் ஐஐடி பாம்பே கேம்பஸ்லயே இருக்கு. பிஏஎஃப், அதாவது பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல்னு சொல்வாங்க, நாலஞ்சு ஹாஸ்டல் ஒண்ணாச் சேந்து திறந்தவெளி மேடையில ஒரு பெரிய நாடகம் போடுவாங்க, கதை, இசை, நடனம், லைட், செட்னு எல்லாம் பசங்களே. பி.டெக் பசங்களும் அதுல இருப்பாங்க தான், ஆனா இவன மாதிரி ஒருத்தனுக்கு கிளாஸ்ல கத்துக்கறதும் ராத்திரி மேடையில செய்யறதும் ஒரே வேலையா இருக்கும்.

சம்பளத்தப் பத்தி அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. ப்ராடக்ட் டிசைன், ஆப், வெப்சைட்ட வடிவமைக்கற யூஎக்ஸ், கார் கம்பெனி, கேம்ஸ், அனிமேஷன்னு வேலை இருக்கு சார், ஆனா பேப்பர்ல வர்ற சிஎஸ்இ பேக்கேஜ மனசுல வச்சுக்கிட்டு இதுல சேக்காதீங்க. சீட்டும் கம்மி, ஒவ்வொரு ஐஐடியிலயும் சில பத்து பேர் தான். கிடைக்கலன்னா பல லட்சம் கட்டி ஏதோ ஒரு பிரைவேட் டிசைன் காலேஜ்ல சேக்கறதுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன். கல்விக் கடன் 7.5 லட்சத்தத் தாண்டினா பொதுவா பேங்க் சொத்து கேக்கும், வீட்ட அடமானம் வைக்கற அளவுக்கு அந்த காலேஜ்கள்ல ஒண்ணும் இல்ல. அப்படி ஆனா பக்கத்துல இருக்கற அரசு காலேஜ்ல ஒரு டிகிரி சேந்துட்டு அடுத்த ஜனவரி மறுபடியும் எழுதட்டும், வருஷமும் வீணாகாது.

தம்பிக்கு ஒரு நிபந்தனை. இன்னியில இருந்து மூணு மாசம் தினமும் அரை மணி நேரம் பாத்தத வரையணும். பஸ் ஸ்டாப்ல நிக்கற ஆளு, குக்கர் மூடி, சைக்கிள் செயின், எதுவானாலும் சரி. மூணு வாரத்துல சலிச்சுப் போச்சுன்னா அவனுக்கு மேடைய வேடிக்கை பாக்கத் தான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம், அப்ப வேற பேசலாம். அத பையன் தான் முடிவு பண்ணணும், அம்மா பக்கத்துல உக்காந்து வரைய வைக்கக் கூடாது.

அப்பா செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. யூசீட் விண்ணப்பம் வழக்கமா அக்டோபர் வாக்குல திறக்கும். நீங்க பிசி, எம்பிசியா இருந்தா கையில இருக்கற தமிழ்நாட்டு சாதிச் சான்றிதழ் அங்க செல்லாது, மத்திய அரசு படிவத்துல ஓபிசி நான் கிரீமிலேயர் (வசதி வரம்புக்குள்ள இருக்கற பிற்படுத்தப்பட்டவங்களுக்கானது) சான்றிதழ் வேணும், அதுவும் பழசா இருக்கக் கூடாது. தாலுகா ஆபீஸ்ல அது கைக்கு வர நாளாகும், அதனால எந்த தேதிக்கு அப்புறம் வாங்கினது வேணும்னு நோட்டிஃபிகேஷன்ல பாத்துட்டு உடனே எழுதிப் போட்டுடுங்க.