மின் இணைப்பு எண் இல்லாமல் ஈ.பி.க்குப் போன் போடாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீடு. நாங்கள் இருப்பது சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா 'கரண்ட் இல்லை' என்று போன் செய்தால், இங்கிருந்தபடி யாரைக் கூப்பிடுவது?

மின்வாரியப் புகார் மையமான 'மின்னகம்' எண் 94987 94987. நாள் முழுக்க இயங்கும். எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம். 1912-லும் புகார் செய்யலாம். அவர்கள் முதலில் கேட்பது மின் இணைப்பு எண். மீட்டர் அட்டையிலும் பில்லிலும் இருக்கும். உங்கள் வீடு எந்தப் பிரிவு அலுவலகத்தில் சேரும் என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருப்பதால், அதைச் சொன்னால் புகார் நேராக அங்கே போய்விடும். வெறும் வீட்டுப் பெயரைச் சொன்னால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பெரிய வீடுகளில் முன்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என இரண்டு இணைப்பு இருப்பதுண்டு. எது நின்றது என்று தெரியாமல் கூப்பிட வேண்டாம்.

போன் போடும் முன் அந்த அம்மாவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா? அங்கும் இல்லையென்றால் கோளாறு டிரான்ஸ்பார்மரிலோ மெயின் லைனிலோ இருக்கும். இருக்கிறதென்றால், மீட்டரில் எண் தெரிகிறதா? தெரிந்தால் மீட்டர் வரை கரண்ட் வருகிறது. டிரிப்பர் (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கலாம், அல்லது உள் வயரிங் பழுது. அதற்கு எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும், லைன்மேன் அல்ல. மீட்டரும் இருட்டாக இருந்தால் கட்-அவுட்டில் (மின்வாரியத்தின் ஃபியூஸ் பெட்டி) ஃபியூஸ் போயிருக்கும், அல்லது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் விட்டிருக்கும். சீல் வைத்த கட்-அவுட்டை வீட்டார் தொடக் கூடாது.

மூன்றாவது, சர்வீஸ் வயர் எந்தத் தெருக் கம்பத்திலிருந்து வருகிறது? செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகவரி முன்வாசல் தெருவாக இருக்க, வயர் பின்வாசல் கம்பத்திலிருந்து வந்தால், லைன்மேன் முன்தெருக் கம்பத்தைப் பார்த்து 'எல்லாம் சரியாக இருக்கிறதே' என்று போய்விடுவார். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணை இப்போதே குறித்து வையுங்கள்.

ஓர் அறையில் விளக்கு கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், இன்னோர் அறையில் மின்விசிறி நகரவே இல்லை என்றால், 'கரண்ட் இல்லை' என்று சொல்லாதீர்கள். 'நியூட்ரல் கட் மாதிரி இருக்கிறது' என்று சொல்லுங்கள். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர், விட்டுப்போனால் 230 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடலாம். புகாரெல்லாம் பிறகு, மெயின் சுவிட்சை முதலில் அணைக்கச் சொல்லுங்கள்.

புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மறுமுறை கூப்பிட்டால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வேலை நடக்கவில்லையென்றால் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர், அவருக்கு மேல் உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர். எழுத்துப் புகாருக்கு மின்வாரிய வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர்.

கேள்வி: இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. புகார் கொடுக்க முடியுமா?

தாராளமாக. கரண்ட் நின்றதைச் சொல்ல எண் போதும். ஆனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது, மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் தேவைப்படும். பங்காளிகள் நாலு ஊரில் இருக்கும் குடும்பங்களில் அந்தக் கடிதத்தில்தான் இழுத்தடிக்கும். கையோடு உங்கள் செல்போன் எண்ணையும் இணைப்பில் பதிந்துவிடுங்கள். பில் தகவல் சென்னைக்கே வரும்.

கேள்வி: இணையத்தில் தேடினால் டி.என்.இ.பி., டான்ஜெட்கோ என்று பல பெயர் வருகிறது. எது சரி?

1957-இல் மின்சார வாரியம் (டி.என்.இ.பி.), 2010-இல் உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் டான்ஜெட்கோ, 2024 முதல் விநியோகத்துக்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எதுவானாலும் உங்கள் இணைப்பு எண் அதேதான். 'பில் கட்டவில்லை, இன்றிரவு கரண்ட் கட்' என்று தனியார் செல் எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் மட்டும் அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள், மோசடி அது.