கூட்டமில்லாத, ராஜா காலத்து மலை ஊர் ஏதாவது இருக்கிறதா? வயதான அப்பா அம்மாவோடு போக முடியுமா?

இருக்கிறது. சைல். இமாச்சலப் பிரதேசம், சோலன் மாவட்டம். கடலூரிலிருந்து அப்பா, அம்மா, நான் என மூன்று பேர் ஓர் அக்டோபரில் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். தாராளமாகப் போகலாம். ஆனால் அரண்மனைக்காக மட்டும் போகாதீர்கள், காட்டுக்காகப் போங்கள்.

டெல்லி வரை வழக்கமான ரயில்தான். அங்கிருந்து மலையடிவாரத்துக் கால்கா வரை இன்னொரு ரயில். கால்காவில் இறங்கி, 1903-ல் ஓடத் தொடங்கிய சிம்லா மலை ரயிலில் ஏறி, பாதி வழியில் கண்டாகாட்டில் இறங்கிக்கொண்டோம். நடுவில் பரோக் சுரங்கம், 1,143 மீட்டர் நீளம். அது முடியும்வரை அம்மா முருகா முருகா என்றுகொண்டிருந்தார். கண்டாகாட்டிலிருந்து காரில் சுமார் முப்பது கிலோமீட்டர், முழுக்க வளைவு. எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

சைல் பட்டியாலா மகாராஜாக்களின் கோடை வாசம். நேபாளக் கூர்க்காக்களோடு நடந்த போரில் உதவியதற்காக ஆங்கிலேயர் அவர்களுக்குக் கொடுத்த இடம். மைசூர் அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். கல் கட்டடம், முன்னால் புல்வெளி, அவ்வளவுதான். பின்னாளில் மாநில சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டலாகவும் ஆகிவிட்டது. அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா, நம்ம மஞ்சக்குப்பம் பழைய கலெக்டர் ஆபீஸ் மாதிரில்ல இருக்கு" என்றார்.

கார்க்காரர் ஒரு கதை சொல்வார், எல்லோருக்கும் சொல்வார். மகாராஜா பூபிந்தர் சிங் படைத்தளபதி கிச்சனரின் மகளைக் காதலித்தாராம், சிம்லாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்களாம், அந்தக் கோபத்தில் 1891-ல் சைலைக் கோடைத் தலைநகர் ஆக்கினாராம். பூபிந்தர் சிங் பிறந்ததே 1891-ல்தான்! கிச்சனர் இந்தியத் தளபதியாக வந்தது 1902-ல். சரி, அவருடைய அப்பா ரஜீந்தர் சிங் என்று மாற்றிச் சொன்னாலும் ஒட்டாது, அவர் 1900-லேயே இறந்துவிட்டார். கதையை ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கிரிக்கெட் மைதானம் வேறு விஷயம். 2,200 மீட்டருக்கு மேலே, மலை உச்சியைச் சமன்படுத்தி 1893-ல் போட்டது. இப்போது ராணுவப் பள்ளியின் மைதானம் என்பதால், நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணிக்குக் கேப்டன் இந்த பூபிந்தர் சிங்தான். ரஞ்சி கோப்பையைக் கொடுத்தவரும் அவரே. மஞ்சக்குப்பம் மைதானத்தில் புழுதியில் ஆடிய அப்பா கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் நகரவில்லை. "சிக்ஸ் அடிச்சா பந்தை யார்டா எடுத்துட்டு வருவா?" என்பதுதான் அவருடைய கவலை.

அப்புறம் காடு. ஊரைச் சுற்றி வனவிலங்கு சரணாலயம். மேலே தேவதாரு, இறக்கத்தில் பைன். காலையில் பனி விலகும் முன் நடந்தோம். வெட்டிப்போட்ட ஒரு தேவதாருக் கட்டையருகே அம்மா நின்று மோந்து பார்த்தார். திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் அடிக்குமே, அதில் ஒரு இழை இது. பைன் பக்கம் போனால் காற்றின் சத்தம் அப்படியே நம் கடலோரச் சவுக்குத் தோப்பு. கண்ணை மூடினால் தேவனாம்பட்டினம், அலை ஓசை மட்டும்தான் குறைகிறது. தரையில் சவுக்குச் சருகு போலவே மெத்தை. அழகாக இருக்கும், ஆனால் இறக்கத்தில் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும். செருப்போடு போன நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினேன். அம்மா கீழே கிடந்த பைன் காய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார். அது இப்போது எங்கள் டிவி மேல் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் செதில்களை மூடிக்கொள்ளும், வெயில் வந்தால் மறுபடி விரிக்கும்.

சிம்லாவில் தங்கி ஒரு பகலில் சைல் பார்த்துவிட்டு வரலாம் என்பார்கள். வேண்டாம். அந்தக் கணக்கில் அரண்மனை வாசலில் ஒரு போட்டோதான் மிஞ்சும். இரவு தங்கினால் எதிர்மலையில் சிம்லா விளக்குகளைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம், அந்த நெரிசலுக்குள் போகாமலே.

சாப்பாடு ராஜ்மாவும் சாதமும் எங்கும் கிடைக்கிறது. பருப்புப் பொடி எடுத்துப் போனது நல்லதாயிற்று. கார் வாடகையை மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள்; எங்களிடம் இறங்கும்போது பார்க்கிங், காத்திருப்பு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். மூட்டுவலி இருந்தால் காளி கோயில் குன்றுக்குக் காரிலேயே போய்விடுங்கள். மற்றபடி அப்பாவுக்கு ஒரு ஊன்றுகோல், உங்களுக்கு ஷூ.