பழைய வீட்டை அளக்க லேசர் ஸ்கேனிங் தேவையா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பாட்டையா காலத்து வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து பழுதுபார்க்கப் போகிறோம். லேசர் ஸ்கேனிங் செய்தே ஆக வேண்டும் என்கிறார் பொறியாளர். டேப் போதும், வீண் செலவு என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஓர் அறையை மட்டும் மாற்றுவதென்றால் கொத்தனார் பேச்சைக் கேளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடென்றால் நான் பொறியாளர் பக்கம். பழைய வீட்டில் மூலைகள் மட்டத்துக்கு நிற்பதில்லை. அறைக்கு அறை விரற்கடையாக விழும் பிசகு, பின்கட்டுக்குப் போவதற்குள் சாண் அளவுக்கு வளர்ந்துவிடலாம்.

முக்காலியில் சுழலும் ஸ்கேனர் லேசர் கதிரை வீசி, வினாடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளை அளக்கிறது. நல்ல கருவியில், அறைக்குள் உள்ள தூரங்களுக்குப் பிழை சில மில்லிமீட்டர்தான். எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, எந்தத் தேக்கு உத்தரம் தொய்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஏணி போடாமலே தெரிந்துவிடும்.

ஆனால் கதிர் படாத இடம் பதிவில் இராது. தூணுக்குப் பின்புறமும் பெட்டகத்தின் மறைவும் வெற்றிடமாகவே நிற்கும். அதனால் அறைகளை முதலில் காலி செய்யுங்கள். கருவியைப் பல இடங்களில் வைத்து எடுத்த பதிவுகளைப் பிறகு ஒன்றோடொன்று பொருத்துவார்கள். நீளமான வீட்டில் பிழை சேருவது இந்தப் பொருத்தலில்தான். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் துல்லியமாக அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு ஒப்பிடுவீர்களா என்று கேளுங்கள்; மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் தனித் தொல்லை ஒன்று உண்டு: பளபளப்பு. பட்டாலை என்ற கூடத்தில் மாட்டிய பெல்ஜியம் கண்ணாடியில் கதிர் பட்டுத் திரும்பினால், சுவருக்கு அப்பால் இல்லாத அறை ஒன்று கணினியில் முளைத்திருக்கும். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரும் மெருகேறிய கருங்கல்லும் சாய்கோணத்தில் சரியாகப் பதியாது. அங்கே கருவியைக் கிட்டே, நேராக வைக்க வேண்டும். முற்றத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள்.

சண்டை வருவதெல்லாம் கையில் என்ன கிடைக்கும் என்பதில்தான். ஸ்கேன் தருவது புள்ளித் திரள், அதாவது அளந்த புள்ளிகளின் குவியல் மட்டுமே. தரைப்படமும் வெட்டுமுகப் படமும் அதிலிருந்து ஆள் உட்கார்ந்து வரைவது, அதற்குத் தனிக் கூலி. எத்தனை படங்கள், என்ன அளவுகோல், நிலைக்கதவுச் செதுக்கல்கள் உண்டா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மூலத் தரவையும் இ57 (E57) என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் கேட்டுப் பெறுங்கள், பின்னாளில் உதவும். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். 2019இல் கூரை எரிந்தபின் சீரமைப்புக்கு அந்தப் பதிவும் கைகொடுத்தது.

ஐபோன் ப்ரோவில் உள்ள லைடார் என்ற லேசர் உணரி ஐந்து மீட்டர் வரைதான் எட்டும், பிழையும் சென்டிமீட்டர் கணக்கில் வரும். அறைகலன் போட்டுப் பார்க்க அது போதும். உத்தரம் மாற்ற உதவாது. மரத்துக்குள் கரையான் இருக்கிறதா என்பதை எந்த ஸ்கேனரும் சொல்லாது, தட்டிப் பார்க்க ஆசாரிதான் வர வேண்டும். பங்காளிகளுக்குள் எல்லைப் பிரச்சினை இருந்தால் ஸ்கேன் படத்தைக் காட்டி வாதாடாதீர்கள். அதற்கு தாலுகா சர்வேயர் அரசின் நில அளவைப் படமான புலப்படத்தை வைத்து அளந்து கொடுத்தால்தான் செல்லும்.