கொம்பு வண்டுக்கு ஐயா பெயர் வைக்க முன்பணமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்கள். விலங்கியல் படிக்கும் பேரன் காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி வாங்கி வந்திருக்கிறார். உள்ளே ஊசி குத்திய வண்டுகள். அதில் ஒன்று ஆறு மில்லிமீட்டர் நீளம், கறுப்பு, தலையில் இரண்டு கொம்பு. ஊசியில் செருகிய சீட்டில் ‘தென் அமெரிக்கா’ என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. பெட்டியைப் பார்த்த தரகர் ஒருவர், “இது டார்க்லிங் வண்டு, இன்னும் பெயரே வைக்காத இனம். முன்பணம் கொடுங்கள், உங்கள் ஐயா பெயரை வைத்து ஆராய்ச்சி இதழில் போட்டுத் தருகிறேன்” என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது உண்மையா, வண்டை எப்படி அடையாளம் கண்டு எழுதுவது, அது வீட்டுத் தேக்கு நிலைகளை அரிக்குமா என்று ஆச்சி கேட்கிறார்கள்.

ஆச்சி, அந்தத் தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தேக்கு பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். செத்து ஊசியில் நிற்கும் வண்டு எதையும் அரிக்காது. உயிரோடு இருந்தாலும், டார்க்லிங் குடும்பத்தில் தலையில் கொம்புள்ள சின்ன வண்டுகள் பெரும்பாலும் பட்டுப்போன மரத்தில் முளைக்கும் தட்டுக் காளானைத் தின்று பிழைப்பவை. வைரம் பாய்ந்த பர்மா தேக்கில் அவற்றுக்கு வேலையில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வண்டுகளைத் தின்ன வேறு பூச்சி வரும். அடியில் பழுப்புத் தூள் தெரிந்தால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு குளிர் முழுக்கப் போகும்வரை பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

சரி, இனி வண்டுக்கு வருவோம். டார்க்லிங் என்பது ஒரு வண்டின் பெயர் அல்ல, பெரிய குடும்பம். உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. உங்கள் வீட்டு மாவுச் சம்படத்தில் ஓடும் சிவப்புப் பூச்சியும் இதே குடும்பம்தான்.

கொம்பை வைத்துக் குடும்பத்தை முடிவுசெய்ய முடியாது. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கும் கொம்பு உண்டு, சாணி வண்டு பலவற்றுக்கும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் நுனியில் பாதம் சின்னச் சின்னக் கணுக்களாக இருக்கும். நகத்தை எண்ணக் கூடாது, நகம் முளைக்கும் கணுவை எண்ண வேண்டும். முன்கால் இரண்டிலும் ஐந்து, நடுக்கால் இரண்டிலும் ஐந்து, பின்கால் இரண்டிலும் நான்கு என்று வந்தால் டார்க்லிங்காக இருக்க இடமுண்டு. ஆறு காலிலும் ஐந்து என்றால் காண்டாமிருக வண்டு, சாணி வண்டுப் பக்கம் போங்கள். ஆறு காலிலும் நான்கு என்றால் அதே தட்டுக் காளானில் வாழும் வேறொரு பொடி வண்டுக் குடும்பம். அவற்றின் ஆணுக்கும் கொம்பு இருப்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒரு காலை மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பழைய பெட்டிகளில் பாதம் உடைந்திருப்பது சகஜம்.

அடுத்து மீசை. டார்க்லிங்கில் அது மணி கோத்தது போலப் பொதுவாகப் பதினொரு கணுவாக இருக்கும். அடிப்பகுதி வெளியே தெரியாது, தலையோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும். அந்த விளிம்பு பல இனங்களில் கண்ணையும் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகும். இவ்வளவும் பொருந்தி, தலையில் கொம்பும் இருந்து, உண்மையாகவே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததாகவும் இருந்தால், பேரன் முதலில் தேட வேண்டிய பேரினம் நியோமிடா. அங்கே அதில் கொம்புள்ள இனங்கள் பல உண்டு.

கொம்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘புது இனம்’ என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இவ்வகை வண்டுகளில் கொம்பு ஆணுக்குத்தான், பெண்ணின் தலை வெறுமையாக இருக்கும். ஆணிலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இல்லை. புழுவாக இருந்தபோது நன்றாகத் தின்று பெருத்தது நீளக் கொம்போடு வரும், இரை போதாமல் வளர்ந்தது குட்டையாக, கொம்பிருந்த இடத்தில் இரண்டு புடைப்போடு வரும். ஒரே காளானிலிருந்து, ஒரே தாய்க்குப் பிறந்தவற்றிலேயே இந்த வித்தியாசம் இருக்கலாம். நீளக் கொம்பை ஓர் இனம், குட்டைக் கொம்பை வேறோர் இனம், கொம்பில்லாததை மூன்றாவது இனம் என்று முன்காலத்தில் எழுதி வைத்த குழப்பங்களை இன்றும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஒற்றை வண்டின் கொம்பு நீளத்தை வைத்து யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். கொம்பு தலையின் எந்த இடத்தில் முளைக்கிறது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு, நுனி உள்ளே வளைகிறதா, உட்பக்கம் மயிர் இருக்கிறதா என்பவை அதைவிட உதவும்.

எழுதும்போது ‘அழகிய பளபளப்பான வண்டு’ என்று பேரன் எழுத வேண்டாம். மொத்த நீளம், அதிகபட்ச அகலம், தலையை அடுத்த முதுகுத் தட்டின் அகலம் நீளத்தைப் போல எத்தனை மடங்கு, சிறகு உறையில் புள்ளிக்குழிகள் வரிசையாக இருக்கின்றனவா சிதறிக் கிடக்கின்றனவா என்று எழுதட்டும். மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக மூன்று படம், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். முகத்துக்கு நேரே எடுக்கும்போது கொம்பின் அடியை லென்ஸில் பாருங்கள். பசை மினுங்கினால் ஒட்டு வேலை. வேறு வண்டின் துண்டை ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த முன்பணம். விலங்குகளுக்குப் பெயர் வைக்கச் சர்வதேச விதிநூல் ஒன்று இருக்கிறது, அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பெயர் வைக்க அது எந்தக் கட்டணமும் கேட்பதில்லை. எந்த மாதிரி வண்டை வைத்துப் பெயரிட்டோம், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது சேரப்போகிறது என்று எழுதச் சொல்கிறது. உங்கள் வண்டின் சீட்டில் ஊரும் இல்லை, தேதியும் இல்லை, எந்தக் காளானில் கிடைத்தது என்றும் இல்லை. சீட்டே மாற்றிச் செருகியதாகவும் இருக்கலாம். ‘தென் அமெரிக்கா’ என்று போட்டால் விலை கூடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். இப்படி ஒரே ஒரு வண்டை வைத்துப் புது இனம் என்று பொறுப்புள்ள ஆய்வாளர் யாரும் எழுத மாட்டார். காசு கட்டினால் படித்தும் பார்க்காமல் அச்சிடும் இதழ்கள் உண்டு. விதிப்படி ஒருமுறை வெளியான பெயரை, எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், எளிதில் இல்லாததாக்க முடியாது. பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுமக்க வேண்டும், அதில் பேரனின் ஐயா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெயர் இல்லாத இனம் என்று ஒரே பார்வையில் சொல்லவும் முடியாது. மோரிஸ் பிக் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயிரக்கணக்கான வண்டுகளுக்குச் சில வரிகளிலேயே விவரணை எழுதிவிட்டுப் போனார். அவை என்னவென்று தெரிய பாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய மாதிரியோடு ஒப்பிட வேண்டும். பிரேசிலின் நிலை இன்னும் மோசம்: ரியோ டி ஜெனிரோ தேசிய அருங்காட்சியகத்தின் பூச்சித் தொகுப்பில் பெரும்பகுதி 2018 செப்டம்பர் 2 அன்று பிடித்த தீயில் அழிந்தது. இங்கேயோ, வண்டை இனம் காணக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் பிள்ளைகளிடம் எத்தனை கட்டுரை வெளியிட்டாய் என்று கேட்கிறோம். லென்ஸ் வாங்கக் காசில்லாத துறையில் கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். தரகர்கள் அந்த ஓட்டைக்குள்தான் புகுந்து வருகிறார்கள்.

பேரன் எடுத்த மூன்று படங்களையும், கால் கணு எண்ணிக்கையையும், சீட்டின் படத்தையும் சேர்த்துச் சென்னையில் உள்ள ஜூவாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா தென் மண்டல மையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பட்டும். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்துக்கும் ஒன்று அனுப்பலாம். எந்தக் கடையில், எந்த மாதம் வாங்கியது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவர்களாகக் கேட்கும்வரை வண்டைத் தபாலில் அனுப்பாதீர்கள், சீட்டை ஊசியிலிருந்து கழற்றவும் கூடாது. தரகர் மறுபடி வந்தால் படம் எடுக்கக்கூடப் பெட்டியைக் கையில் கொடுக்க வேண்டாம்.