பஞ்சுச் சட்டை எப்படி வசவானது?

அன்புள்ள ஐயா,

ரஷ்ய இணைய விவாதங்களைத் தமிழில் மொழிபெயர்த்துப் பழகுகிறேன். ஒருவரையொருவர் 'வாத்னிக்' என்று திட்டிக்கொள்கிறார்கள். அகராதியில் அதற்குப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை என்று இருக்கிறது. 'உக்ரோப்' என்றால் சதகுப்பைக் கீரையாம். சட்டையும் கீரையும் எப்படி வசவாகும்? பேசாமல் 'அடிமை', 'துரோகி' என்று போட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். அந்த வசவுகளில் ஒரு நாட்டின் கதையே இருக்கிறது.

'வாத்தா' என்றால் பஞ்சு. இரண்டாம் உலகப் போரில் செம்படை வீரர்கள் குளிருக்குப் போட்டுக்கொண்டது அந்தச் சட்டைதான். ஸ்டாலின் கால முகாம்களில் கைதிகளும் கூட்டுப்பண்ணைகளில் உழைத்த பெண்களும் அதையே போட்டார்கள். 2011இல் ஆன்டன் சாட்ஸ்கி என்பவர் அந்தச் சட்டைக்குச் சிவந்த மூக்கும் அடிபட்டுக் கறுத்த கண்ணும் வைத்து, ஒரு குடிகாரனாக வரைந்து இணையத்தில் போட்டார். அரசு சொல்வதையெல்லாம் நம்புகிற ரஷ்யர்களைக் கேலி செய்யும் படம் அது. 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகு அந்தப் பெயர் எங்கும் பரவியது. நான் புதினை எதிர்ப்பவர்கள் பக்கம். ஆனாலும் இந்தச் சொல் எனக்குக் கசக்கிறது. பொய்யை நம்புகிறவனைத் திட்ட ஏழையும் கைதியும் போட்ட சட்டைதானா கிடைத்தது?

'உக்ரோப்' எளிது. 'உக்ரைன்' என்பதன் முதல் எழுத்துகளை வைத்து ரஷ்யர்கள் செய்த சிலேடை. உக்ரைனியர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீரர்கள் அந்தக் கீரையின் படத்தைச் சீருடையில் தைத்துக்கொண்டார்கள், 2015இல் அதே பெயரில் ஒரு கட்சியே வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'கொலராட்' என்ற வசவு கண்ணில் பட்டிருக்கும். உருளைக்கிழங்குச் செடியை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டுதான் அது. வண்டின் முதுகில் கோடுகள் உண்டு. ரஷ்ய ஆதரவாளர்கள் குத்திக்கொள்ளும் புனித ஜார்ஜ் நாடாவிலும் ஆரஞ்சும் கறுப்புமாகக் கோடுகள். அதனால் அந்தப் பெயர். 2014 மே 2 அன்று உக்ரைனின் ஒடெசா நகரில் ரஷ்ய ஆதரவாளர்களும் உக்ரைன் ஆதரவாளர்களும் மோதியதில், ரஷ்ய ஆதரவாளர்கள் புகுந்திருந்த தொழிற்சங்க மாளிகை தீப்பற்றியது. தீயில் சிக்கியும் ஜன்னல் வழியே குதித்தும் 42 பேர் இறந்தார்கள். வண்டுகள் வறுபட்டன என்று இணையத்தில் சிலர் கொண்டாடினார்கள். வண்டு, வண்டு என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு அது மனிதச் சாவாகவே படவில்லை. அதைப் படித்த எரிச்சலும் துக்கமும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் மொழிபெயர்க்கும்போது வாத்னிக்கை வாத்னிக் என்றே விடுங்கள். முதல்முறை வரும் இடத்தில் சட்டையைப் பற்றி ஒரு வரி சேருங்கள். கொலராட் வந்தால் வண்டை விட்டுவிடாதீர்கள்.