கண்டம் ஆன ஃபயர் வண்டியை வாங்கித் தண்ணீர் லாரியாக ஓட்டலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் தண்ணீர் லாரித் தொழில் செய்கிறேன். இனி பயன்படாது என்று அரசு கழிவு (கண்டம்) செய்த தீயணைப்பு வண்டி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. டேங்க், பம்ப் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எடுத்துத் தண்ணீர் லாரியாக ஓட்டலாமா? ஆர்.சி.யை (பதிவுச் சான்று) என் பெயருக்கு மாற்றித்தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு வண்டி எண்ணை அரசின் வாகனத் தகவல் செயலியான எம்பரிவாகனில் போட்டு, முதன்முதலில் பதிவான தேதி என்ன என்று பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எஞ்சின் எப்படி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தத் தேதியிலிருந்து 15 ஆண்டு முடிந்திருந்தால் அது வண்டியே அல்ல, இரும்பு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52ஏ என்று ஒன்று 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி, நகராட்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம் என யாருடைய வண்டியானாலும் 15 ஆண்டோடு ஆர்.சி. காலாவதி. நடுவில் புதுப்பித்திருந்தாலும் செல்லாது. பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும்.

"என்னிடம் 18 வயது லாரி எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஓடுகிறதே" என்பீர்கள். அது தனியார் வண்டி. அரசு வண்டியும் 14-ஆம் ஆண்டில் உங்கள் கைக்கு வந்திருந்தால் அதே கணக்குதான். ஆனால் தீயணைப்பு நிலையத்திலிருந்து கடிதம், அரசு வண்டிகளைப் பழுதுபார்க்கும் அரசுத் தானியங்கிப் பணிமனையின் கழிவுச் சான்று, துறையின் நிதிப்பிரிவு ஒப்புதல், உள்ளாட்சி வண்டியென்றால் மன்றத் தீர்மானம் என்று கோப்பு ஊர்வதற்குள் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்கு 15 வயது தாண்டிவிடுகிறது. ஓடும் வண்டியாக விற்றிருக்க வேண்டியதை எடைக்குப் போடுகிறார்கள். யாருக்கும் வலிப்பதில்லை, அரசுப் பணம்தானே.

இந்த இடத்தில்தான் தரகர் நுழைகிறார். "ஃபயர் வண்டிக்கு விலக்கு உண்டு" என்பார். விதியில் விலக்கு இருக்கிறது: நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு. தண்ணீர் லாரிக்கு அது எப்படி வரும்? அடுத்து, "உடைப்பு லைசென்ஸ் வைத்திருப்பவர் பெயரில் எடுத்து, முழு வண்டியாகவே உங்களுக்குத் தள்ளிவிடுகிறேன்" என்பார். அந்த நிலையம் சேஸிஸ் எண் இருக்கும் துண்டை வெட்டி எடுத்து, வண்டியை உடைத்துச் சான்று கொடுக்க வேண்டும். அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்'-இல் பதிவும் ரத்தாகிவிடும். அப்படியும் ஆர்.சி. வருகிறது என்றால், வேறொரு லாரியின் எண்ணை இந்தச் சேஸிஸில் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல். அந்த ஆள் செல்போனை அணைத்துவிடுவார்.

15 ஆண்டு ஆகாமலே கழிவான வண்டி என்றால் கதை வேறு. விபத்தில் அடிபட்டது, பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாதது என்று சில வரும். அரசு ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்றப் படிவம் 32. வண்டியைக் கையில் வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதோடு கட்டணம், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஏலம் நடத்தியவர் கையெழுத்திட்ட விற்பனை உறுதிச் சான்று, ஏலம் விட அனுமதித்த அரசாணையின் சான்றிட்ட நகல். எல்லோரும் கோட்டைவிடுவது கடைசித் தாளைத்தான். ரசீது இருக்கிறதே, போதும் என்று வண்டியை இழுத்து வந்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நகல் கேட்பார்கள். திரும்பிப் போனால் ஏலம் விட்ட அதிகாரி மாறுதலில் போயிருப்பார், கோப்பு மேலிடத்தில் இருக்கும். நீங்கள் அலைவதற்குள் 30 நாள் ஓடிவிடும். ஆகவே மீதித் தொகை கட்டுவதற்கு முன்பே நகல் எப்போது கிடைக்கும் என்று கேட்டு, வண்டியை எடுக்கும்போது கையோடு வாங்குங்கள். ஆர்.சி. தொலைந்துவிட்டது என்றால், நகல் ஆர்.சி. எடுத்துத் தருவது யார் பொறுப்பு என்பதை ஏல நிபந்தனையில் பாருங்கள்.

பெயர் மாறியதும் சாலையில் இறக்கிவிடாதீர்கள். தீயணைப்பு வாகனம் தண்ணீர் லாரியாக மாற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அதன்பின் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ். சைரனையும் சுழல்விளக்கையும் முதல் நாளே கழற்றிவிடுங்கள்.

வண்டி இரும்பாகிவிட்டாலும், உடைப்பு நிலையத்தில் கழற்றிய டேங்க், பம்பை பில்லோடு வாங்கலாம். பம்பைப் பார்த்து மயங்காதீர்கள். நிமிடத்துக்கு 1,800 லிட்டர், 7 கிலோ அழுத்தம் என்பது மாடியில் எரியும் நெருப்புக்கு. தொட்டி நிரப்ப அது வேண்டாம். அது வண்டி எஞ்சினிலிருந்து பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பிரித்துத் தரும் இணைப்பு) வழியாகச் சுழல்வது, தனியே எடுத்தால் அதைச் சுற்ற இன்னொரு எஞ்சின் தேட வேண்டும். டேங்க்கில் அடித்தகட்டையும் தடுப்புத் தகடுகளின் வெல்டிங்கையும் சுத்தியால் தட்டிப் பாருங்கள். 4,500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் நாலரை டன், துருவேறிய மூலை தாங்காது. உள்ளே அடித்திருக்கும் பெயின்ட் என்னவென்று தெரியாமல் அதில் குடிநீர் ஏற்றவே கூடாது. கட்டட வேலைக்கு ஓட்டுங்கள்.